அந்தமான் பவளப்பாறைகளில் ஸ்கூபா டைவிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமானுக்கு டிக்கெட் போட்டதுமே பலருக்கும் ஹேவ்லாக்கில் ஒரு தடவையாவது கடலுக்கு அடியில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. 2018 கடைசியில் அந்தத் தீவுக்கு ஸ்வராஜ் தீப் என்று பெயர் மாற்றினார்கள்; பேச்சில் இன்னும் ஹேவ்லாக்தான், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். பாதுகாப்பு முதலில். அப்புறம், கீழே போய் எதை எப்படிப் பார்ப்பது. என் மனதுக்கு நெருக்கமானது அந்த இரண்டாவது பகுதி, அதனால் அங்கே பதில்கள் நீளமாக இருக்கும்.

எனக்கு நீச்சல் தெரியாது. இறங்கலாமா?

பயிற்சியாளர் கூடவே வந்து உங்களைப் பிடித்தபடி அழைத்துப் போகும் அனுபவ டைவுக்கு நீச்சல் கட்டாயமில்லை. கரையோரம் ஆழமில்லாத நீரில் வைத்து மூன்று விஷயங்களைப் பழக்குவார்கள்: ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) வழியாக வாயால் மூச்சு விடுவது, மாஸ்க்குக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது, ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினால் எடுத்து மாட்டுவது. இந்த டைவில் ஆழத்தின் எல்லை 12 மீட்டர்.

ஓப்பன் வாட்டர் என்ற சான்றிதழ்ப் படிப்புக்கு நீச்சல் வேண்டும். நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்கவும் தெரிய வேண்டும். எவ்வளவு வேகம் என்று யாரும் பார்ப்பதில்லை.

நீச்சல் தெரியாதது ஒன்று, தண்ணீர் என்றாலே நெஞ்சு படபடப்பது வேறொன்று. இரண்டாவது வகை என்றால் முதல் நாள் லைஃப் ஜாக்கெட்டோடு ஸ்நார்க்கலிங் (குழாயால் மூச்சு விட்டபடி நீரின் மேலே மிதந்து பார்ப்பது) செய்து முகத்தைத் தண்ணீரில் வைத்துப் பழகுங்கள். பயிற்சியின் நடுவில் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். நல்ல பயிற்சியாளர் ஒருபோதும் வற்புறுத்த மாட்டார்.

எந்த மாதம் போவது? எந்த இடத்தில் இறங்குவது?

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலைக் கலக்கிவிடும். நவம்பரிலிருந்து மே முன்பாதி வரை நல்ல காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும், தண்ணீரும் தெளிவு. வெப்பநிலை 26 முதல் 30 டிகிரி வரை இருக்கும். ஆனாலும் நீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும். வெட்சூட் (உடலை ஒட்டிய ரப்பர் உடை) கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

சென்னையிலிருந்து நேராக விமானம் உண்டு. போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. அங்கிருந்து ஹேவ்லாக்குக்கு அரசுக் கப்பலும் தனியார் படகுகளும் ஓடுகின்றன. எப்படியும் ஒன்றரையிலிருந்து இரண்டரை மணி நேரம்.

முதல் தடவை இறங்குபவர்களைப் பெரும்பாலும் கரையிலிருந்தே நடந்து போகக்கூடிய நீமோ ரீஃபுக்குக் கூட்டிப் போவார்கள். ஆழம் குறைவு, அலையும் குறைவு. அடுத்த படியில் லைட்ஹவுஸ், அக்வேரியம், தி வால் எல்லாம் வரும். டிக்ஸன்ஸ் பினகிள், ஜானிஸ் கார்ஜ் இரண்டும் ஆழமானவை, நீரோட்டமும் இருக்கும். சான்றிதழும் கொஞ்சம் அனுபவமும் சேர்ந்த பிறகு அங்கே போங்கள். அவற்றின் பெயரைக் கேட்டதும் முதல் பயணத்திலேயே போக ஆசைப்படுபவர்கள் உண்டு. நான் தடுத்துத்தான் சொல்வேன்: தண்ணீரில் தடுமாறுகிறவருக்கு எவ்வளவு அழகான பாறையும் கண்ணில் படாது.

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன்தானே? எவ்வளவு நேரம் வரும்?

சாதாரணக் காற்றுதான். ஈரமும் தூசும் இல்லாமல் வடிகட்டி, 200 பார் (கரையில் உள்ளதைப் போல ஏறக்குறைய 200 மடங்கு) அழுத்தத்துக்கு அடைத்திருப்பார்கள். சுத்த ஆக்சிஜனை ஆழத்தில் சுவாசித்தால் வலிப்பு வரும் அபாயம் உண்டு.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று இரண்டு மடங்கு செலவாகும். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் சிலிண்டர் சீக்கிரம் காலி. புதியவர்களை அரை மணி நேரம் அளவுக்குக் கீழே வைத்திருப்பார்கள். பழகியவர் அதே சிலிண்டரில் ஒரு மணி நேரம்கூடத் தாக்குப் பிடிப்பார்.

மறக்கக் கூடாத விதி ஒன்று: மூச்சை அடக்காதீர்கள். மேலே வரும்போது நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரியும். வாயை மூடி அடக்கினால் சில மீட்டர் உயரத்திலேயே நுரையீரல் கிழியக்கூடும். விடாமல், மெதுவாக, இழுத்து விட்டபடியே இருங்கள்.

காது வலிக்கும் என்கிறார்களே?

காதுக்குள் அழுத்தத்தைச் சமப்படுத்தாவிட்டால் வலிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் காதில் ஒரு சிறு சத்தம் கேட்டு அடைப்பு விடும். வலி வந்த பிறகு செய்யாமல், இறங்கத் தொடங்கும்போதே ஒவ்வொரு மீட்டருக்கும் செய்யுங்கள். முதல் 10 மீட்டரில்தான் மாற்றம் அதிகம். விடவில்லை என்றால் கையைக் காட்டி நிறுத்தி, கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். பலமாக ஊதுவது ஆபத்து. சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் வேண்டாம். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால் பாதியில் மாத்திரையின் வேகம் அடங்கி, மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும்.

யாரெல்லாம் இறங்கக் கூடாது?

கர்ப்பிணிகள் கூடாது. ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவை சிகிச்சை, முன்பு நுரையீரலில் காற்றுக் கசிவு ஏற்பட்டது போன்றவை இருந்தால் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு, அவர் எழுதித் தந்தால் மட்டும். இறங்குவதற்கு முன் ஒரு உடல்நலப் படிவம் கொடுப்பார்கள். இத்தனை தூரம் வந்துவிட்டோமே என்று அதில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குறைந்தபட்ச வயது 10.

கண்ணாடி போடுபவர்கள்?

மென் காண்டாக்ட் லென்ஸோடு இறங்கலாம். சில கடைகளில் பவர் உள்ள மாஸ்க் கிடைக்கும், முன்பே கேட்டு வையுங்கள். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால், குறைந்த பவர்காரர்கள் வெறும் மாஸ்க்கிலேயே சமாளித்துவிடுகிறார்கள்.

எந்த டைவ் கடையை நம்பலாம்?

விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? அனுபவ டைவில் ஒருவருக்கு ஒருவர் என்பதே சரி. படகில் முதலுதவிக்கான ஆக்சிஜன் இருக்கிறதா? பாறையை மிதிக்கக் கூடாது என்று அவர்களாகவே சொல்கிறார்களா? கடைசிக் கேள்விக்கான பதிலை அவர்கள் பேச்சில் தேடாதீர்கள், வேறு ஒரு குழு இறங்கும்போது கவனியுங்கள். வீடியோ நன்றாக வர வேண்டும் என்று விருந்தாளியைப் பவளத்தின் மேல் நிற்க வைக்கும் ஆள் கண்ணில் பட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

பவளம் செடியா, கல்லா?

விலங்கு. ஜெல்லிமீனுக்கும் கடல் சாமந்திக்கும் உறவு. பாலிப் என்ற மிகச் சிறிய உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக் கூட்டமாக வாழ்ந்து, தமக்குக் கீழே சுண்ணாம்பைச் சேர்த்துக்கொண்டே போகின்றன. நாம் பாறை என்று பார்ப்பது அந்தச் சுண்ணாம்பு. உயிர் இருப்பது மேலே உள்ள மெல்லிய தோலில் மட்டும். அந்தத் தோலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் அவை தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது, நிறத்துக்கும் அவையே காரணம். காலில் மாட்டும் துடுப்பின் ஒரு உதையில் அந்தத் தோல் கிழிந்துவிடும். கிளைப் பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளரும். உருண்டைப் பவளங்கள் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம்.

அங்கே என்னென்ன பார்க்கலாம்?

மீன் சந்தையில் பார்த்த பெயர்கள் பலவும் உயிரோடு எதிரே வரும். களவா ஒரு பொந்தின் வாசலில் நின்று முறைக்கும். சங்கரா கூட்டமாகத் திரும்பும். பாறை மீனும் சீலாவும் நீலத்திலிருந்து வந்து நீலத்துக்கே போகும். கிளிமீனைப் பார்ப்பதற்கு முன்பே கேட்கலாம்: அலகு போன்ற பற்களால் பாறையைச் சுரண்டும் 'கரக் கரக்' சத்தம் தண்ணீரில் தெளிவாக வரும். பாசியோடு சேர்த்து விழுங்கிய சுண்ணாம்பை அரைத்து வெண்மணலாக வெளியேற்றிவிடும். நீங்கள் கால் புதைத்து நடந்த கடற்கரை மணலில் அதன் பங்கும் உண்டு.

கோமாளி மீனைக் காட்டச் சொல்லி எல்லாரும் கேட்பார்கள். கடல் சாமந்திக்குள் மூன்று நான்கு இருந்தால் பெரியது பெண், அடுத்தது அதன் இணையான ஆண், மற்றவை காத்திருப்பவை. பெண் இறந்தால் அந்த ஆணே பெண்ணாக மாறும், காத்திருந்ததில் பெரியது ஆணின் இடத்துக்கு வரும். சாமந்தியின் அடியில் பாறையோடு ஒட்டி ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தால் அது முட்டை. ஆண் மீன் துடுப்பால் அதன்மேல் விசிறிக்கொண்டே இருக்கும். சில நாள் கழித்துப் போனால் முட்டைகளில் வெள்ளிப் புள்ளிகளாகக் கண்கள் தெரியும்.

அழுங்காமை, பச்சை ஆமை இரண்டும் தென்படும். புள்ளித் திருக்கை, அஞ்சாலை (பாம்பு போல நீண்ட மீன்), கணவாய், கடல் அட்டை எல்லாம் உண்டு. அந்தமானின் மாநில விலங்கான ஆவுளியா, அதாவது கடற்பசு, கடற்புல் தரைகளில் மேயும். அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கண்ணில் பட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

வழிகாட்டி காட்டுவது எனக்கு மட்டும் தெரிவதே இல்லை. எப்படிப் பார்ப்பது?

மிதவையைப் பழகுவதில் தொடங்குங்கள். மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் ஒரே உயரத்தில் நிற்பதைச் சொல்கிறேன். மூச்சை இழுத்தால் உடல் கொஞ்சம் எழும், விட்டால் இறங்கும். டைவ் ஜாக்கெட்டில் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் உடுப்பு) காற்றைச் சரிசெய்த பிறகு மற்றதெல்லாம் நுரையீரல் வேலை. இது கைவந்துவிட்டால் கையால் துழாவ வேண்டாம், மணல் கலங்காது, மீன்கள் ஒதுங்காது. கடலுயிர்களைக் கண்டுபிடிப்பதில் பாதித் திறமை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. புதிதாகச் சான்றிதழ் வாங்கியவர்கள் கேமரா வாங்குவதற்கு முன் இதற்காகவே சில டைவ்களைச் செலவிட வேண்டும்.

அடுத்தது, நகராமல் இருப்பது. ஒரே பாறையின் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். முதல் நிமிடம் ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். பிறகு ஒளிந்தவை ஒவ்வொன்றாக வேலைக்குத் திரும்பும். நீலத்தில் கறுப்புக் கோடு போட்ட விரல் நீள மீன் ஒன்று மேலும் கீழும் குதித்து நீந்தினால் அங்கே சுத்தம் செய்யும் நிலையம் இருக்கிறது என்று அர்த்தம். பெரிய மீன்கள் சலூனில் முறைக்குக் காத்திருப்பதுபோல அங்கே வந்து நிற்கும். களவா வாயையும் செவுளையும் அகலத் திறக்கும், சின்ன மீன் உள்ளே புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கிவிட்டு வெளியே வரும். வேலை முடிந்ததும் களவா உடலை ஒருமுறை உதறும். அதே வேடத்தில் வந்து சதையைக் கடித்துவிட்டு ஓடும் போலி மீனும் உண்டு. வாய் மூக்குக்குக் கீழே தள்ளி இருந்தால் அது போலி.

மணலை வெற்றிடம் என்று கடந்துவிடாதீர்கள். ஒரு குழியின் வாசலில் சுண்டுவிரல் அளவு மீன் அசையாமல் உட்கார்ந்திருந்தால் இரண்டு மீட்டர் தள்ளியே நில்லுங்கள். குழிக்குள்ளிருந்து ஒரு இறால் மணலைத் தள்ளிக்கொண்டு வரும், கொட்டிவிட்டு உள்ளே போகும், மறுபடி வரும். அதற்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. வெளியே வந்ததும் அதன் உணர்கொம்பு ஒன்று மீனின் மேல் படும்படி வைத்துக்கொள்ளும். ஆபத்து வந்தால் மீன் வாலை ஒரு வெட்டு வெட்டும், இறால் உள்ளே மறையும். இன்னும் நெருங்கினால் மீனும் தலைகுப்புற உள்ளே. வீடு கட்டுவது ஒருவர், காவல் மற்றவர். ஹேவ்லாக்கில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. ஆழம் வேண்டாம், அதிர்ஷ்டம் வேண்டாம், பொறுமை இருந்தால் போதும்.

ஆக்டோபஸைத் தேடுபவர்கள் ஆக்டோபஸைத் தேட வேண்டாம், அது தின்றுவிட்டுப் போட்ட மிச்சத்தைத் தேடுங்கள். பொந்தின் வாசலில் உடைந்த சிப்பியும் நண்டு ஓடும் குவிந்து கிடந்தால் உள்ளே ஆள் இருக்கலாம். இறகுப் பூக்கள் போல் விரிந்திருக்கும் கடல் அல்லிகளின் நடுவில் அதே நிறத்தில் சின்ன இறால்கள் இருக்கும். கடல் அட்டையின் வயிற்றோரமும் பாருங்கள், பார்ப்பதோடு சரி, புரட்ட வேண்டாம்.

சுறா கடிக்குமா? எதற்குப் பயப்பட வேண்டும்?

இங்கே எப்போதாவது தெரியும் வெண்முனைப் பாறைச் சுறா உங்களைக் கண்டதும் விலகிப் போகும். அஞ்சாலை வாயைத் திறந்து திறந்து மூடுவது மூச்சு விடுவதற்காக, மிரட்டுவதற்காக இல்லை. கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட கடற்பாம்புக்கு விஷம் மிக அதிகம், ஆனால் அதன் வழியில் குறுக்கிடாதவரை அது உங்களைச் சட்டை செய்யாது.

கவனமாக இருக்க வேண்டியவை வேறு. கல்மீன் கல்லைப் போலவே கிடக்கும், சிங்கமீனின் முதுகு முட்களில் விஷம், கூம்புச் சிப்பி உயிரையே எடுக்கும், நெருப்புப் பவளம் பட்டால் தோல் எரியும். எதையும் தொடாதவருக்கு இவற்றால் ஆபத்து ஏறக்குறைய இல்லை. மீன் முள் குத்திவிட்டால் தாங்கக்கூடிய வெந்நீரில் அந்த இடத்தை முக்கி வைத்தபடி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெரிய கிளாத்தி மீன் மட்டும் விதிவிலக்கு. மணலில் கூடு கட்டி முட்டையைக் காக்கும் நாட்களில் டைவர்களைத் துரத்திக் கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்து போகும் என்பதால் மேலே ஏறித் தப்பாதீர்கள், பக்கவாட்டில் விலகுங்கள்.

முதலை இருக்கிறதாமே?

இருக்கிறது. உப்புநீர் முதலைகளுக்கு அந்தமானின் அலையாத்திக் கழிமுகங்கள் சொந்த ஊர். 2010-இல் ராதாநகர் கடற்கரையை ஒட்டிய பகுதியில் ஸ்நார்க்கலிங் செய்த ஒரு வெளிநாட்டுப் பயணி முதலை தாக்கி இறந்தார். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், ஓடை கடலில் கலக்கும் இடத்திலும், இருட்டிய பிறகும் இறங்க வேண்டாம்.

உடைந்து கிடக்கும் பவளத் துண்டை எடுத்து வரலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லேயே பவளங்கள் சேர்க்கப்பட்டுவிட்டன. செத்த துண்டுக்கும் சட்டம் ஒன்றே. விமான நிலையத்தில் பையைச் சோதித்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம். சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், அந்தத் துண்டின் மேல்தான் அடுத்த பவளக்குஞ்சு வந்து ஒட்டும்.

பவளம் எல்லாம் வெளுத்துப் போய்விட்டது என்கிறார்களே, இன்னும் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அடி பலமாகப் பட்டிருக்கிறது. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தாலே பவளம் தன்னுள் இருக்கும் பாசிகளை வெளியேற்றிவிடும். வெள்ளைச் சுண்ணாம்பு வெளியே தெரிவதுதான் வெளுப்பு. அந்த நிலையில் உயிர் இன்னும் இருக்கும். சூடு தணிந்தால் பாசி திரும்பும், தணியாவிட்டால் பட்டினியில் சாகும். அந்தமானில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இது பெரிய அளவில் நடந்தது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் வட அந்தமானில் பாறைகளைத் தண்ணீருக்கு மேலேயே தூக்கிவிட்டது, அவை வெயிலில் காய்ந்து செத்தன.

ஆழம் குறைந்த இடங்களில் சாம்பல் நிற இடிபாடுகளைப் பார்ப்பீர்கள். அவற்றின் மேல் கை அகலத்தில் புதுப் பவளத் தட்டுகள் வளர்வதையும் பார்ப்பீர்கள். கடல் சூட்டை ஒரு பயணியால் குறைக்க முடியாது. ஆனால் அந்தத் தட்டின் மேல் முழங்காலை ஊன்றாமல் இருப்பது முழுக்க அவர் கையில் இருக்கிறது. சன்ஸ்கிரீன் அப்பிக்கொள்வதற்குப் பதில் முழுக்கைச் சட்டை போடுங்கள்.

படம் எல்லாம் நீலமாக வருகிறதே?

சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடும். ஐந்து மீட்டரிலேயே சிவப்பு மங்கத் தொடங்கும், 15 மீட்டரில் ரத்தம்கூடச் சிவப்பாகத் தெரியாது. ஒரு டார்ச்சை அருகில் காட்டினால் பழுப்பாக இருந்த பாறை சட்டென்று சிவப்பும் ஆரஞ்சுமாகும். எடுப்பதை நெருங்கி எடுங்கள். மீனைத் துரத்தினால் வால் மட்டும்தான் படத்தில் வரும்.

டைவ் முடிந்த அன்றே விமானம் ஏறலாமா?

வேண்டாம். ஆழத்தில் ரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானத்தின் குறைந்த அழுத்தத்துக்குப் போனால் குமிழிகளாகி மூட்டுவலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம். நான் எல்லாருக்கும் 24 என்றே சொல்வேன். பயணத் திட்டத்தில் டைவை முன்னாலும் செல்லுலார் சிறையைக் கடைசி நாளிலும் வைத்தால் இந்தக் கவலையே இல்லை. மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாமல், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிறுத்துவதும் இதற்காகத்தான்.

கட்டைவிரலை உயர்த்தினால் 'சரி' என்று அர்த்தமா?

தண்ணீரில் அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தம். 'நன்றாக இருக்கிறேன்' என்பதற்கு ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்த வட்டம். பிரச்சினை என்றால் விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு எங்கே என்று காட்டுங்கள்.

அனுபவ டைவ் போதுமா, படிப்பையே முடித்துவிடலாமா?

கடல் உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள அனுபவ டைவ் போதும். ஆனால் அதில் உங்களை ஒருவர் பிடித்துக்கொண்டே போவார், நினைத்த இடத்தில் நிற்க முடியாது. மேலே சொன்ன இறாலையும் காவல் மீனையும் நின்று பார்க்க வேண்டும் என்றால் ஓப்பன் வாட்டர் வேண்டும். மூன்று நான்கு நாள் ஆகும், 18 மீட்டர் வரை துணையோடு போகலாம், உலகம் முழுக்கச் செல்லும். கையில் ஐந்து நாள் இருந்தால், நாலு தீவு சுற்றுவதைவிட ஒரே தீவில் தங்கி இதை முடியுங்கள்.

அந்தமான் வரை போக முடியாது. பக்கத்தில் வேறு இடம்?

மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உண்டு. சங்கும் முத்தும் குளித்த கடல் அது. அது தேசியப் பூங்கா, அனுமதியின்றித் தீவுகளுக்குப் போக முடியாது. புதுச்சேரியிலும் சென்னையிலும் டைவ் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே தண்ணீர் அந்தமான் போலத் தெளிவாக இருக்காது, ஆனால் படிப்பை முடிக்க நல்ல இடம். கலங்கலில் மிதவை பழகியவர்கள் தெளிந்த நீரில் சிரமப்படுவதில்லை.

இலங்கை போகிறவர்கள் திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலையைத் தவறவிடாதீர்கள். 2003-இல் தேசியப் பூங்காவானது. இடுப்பளவு நீரிலேயே குட்டிக் கருமுனைச் சுறாக்கள் சுற்றும், ஸ்நார்க்கலே போதும். அங்கே பருவம் நேர்மாறு: மே முதல் செப்டம்பர் வரை கடல் அடங்கியிருக்கும். கூட்டம் சேர்வதற்கு முன் காலை முதல் படகிலேயே போய்விடுங்கள்.